உரசலாரின் நான்கு மில்லிமீட்டர்

பெரிய மனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது, சின்ன வயதிலேயே அவர்களிடம் ஏதோ ஓர் அறிகுறி தெரிந்தது என்று ஆரம்பிப்பது வழக்கம். உரசலாரிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. பிறந்தார். படிப்பு ஏறவில்லை. இருபத்திரண்டாம் வயதில் ஒரு சக்கரக் கடையில் வேலைக்குச் சேர்ந்து குனிந்தார். முப்பத்தொரு வருடம் ஆகியும் முழுசாக நிமிரவில்லை. நடுவில் கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் பிறந்தாள், இடுப்பு பிடித்துக்கொண்டது. வரலாறு என்று பார்த்தால் அவ்வளவுதான்.

கடையில் விற்பதும் மாட்டுவதும் கார்ச் சக்கரம். காய்கறி வாங்கப் போகும் கார்களுக்கு அங்கே வேலை இல்லை. கூரை தாழ்ந்து, மூக்கு நீண்டு, உள்ளே ஏறி உட்காருவதற்குள் முழங்கால் இரண்டு தடவை சொடக்குப் போடும் ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் வரும். அந்தக் கார்களின் சொந்தக்காரர்களுக்குப் பொதுவாக ஒரு வியாதி உண்டு. தன் காரில் இருக்கும் சக்கரம் கண்ணுக்குப் பிடிக்காது. வேறொரு கம்பெனிக் காரில் இருக்கும் சக்கரம்தான் மனசில் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றி இதில் மாட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். வரும்போது கையில் போன் இருக்கும். போனில் ஒரு போட்டோ இருக்கும்.

"அண்ணே, இந்த மாதிரி. அப்படியே வெளிய தள்ளிக்கிட்டு கெத்தா நிக்கணும்."

உரசலார் போட்டோவைப் பார்ப்பார். காரைப் பார்ப்பார். குனிந்து மட்கார்டுக்குள் கையை விட்டு, டயருக்கும் தகட்டுக்கும் நடுவே விரலை ஓட்டுவார். பிறகு இடுப்பில் கையை ஊன்றி, மூன்று தவணையாக நிமிர்ந்து, ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்குவார்.

"உரசும்."

"போட்டோல உரசலையேண்ணே?"

"போட்டோல எதுவும் உரசாது தம்பி."

இதையே ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, வாரத்தில் ஆறு நாள், முப்பத்தொரு வருடம் சொன்னதில் அப்பா அம்மா வைத்த பெயர் தேய்ந்து போய், கடைக்காரர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. சக ஊழியர்களுக்கு அவர் உரசலண்ணன். முதலாளியம்மாவுக்கு வெறும் உரசல். ஒரு மனிதன் ஒரே சொல்லுக்காக இத்தனை உழைத்திருக்கிறான் என்பதால், மரியாதையாக உரசலார் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் கற்ற வித்தை பெரியதல்ல. சக்கரத்தின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். சக்கரம் காரோடு ஒட்டி உட்காருகிற முகம் ஒன்று உண்டு. கோட்டுக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் ஆஃப்செட். அந்த எண் கூடினால் சக்கரம் காருக்குள் ஒடுங்கும். குறைந்தால் வெளியே பிதுங்கும். ஒடுங்கினால் உள்ளே பிரேக்கில் இடிக்கும், பிதுங்கினால் வெளியே மட்கார்டு விளிம்பில் தேயும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சந்துதான் உரசலாரின் பிழைப்பு. அந்தச் சந்து எப்போதும் மில்லிமீட்டரில்தான் இருக்கும். கேட்டு வருகிறவர்களின் ஆசை எப்போதும் அடிக் கணக்கில்தான் இருக்கும்.

சந்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். எட்டு மில்லி. டயர் பிதுங்குவதற்கு இரண்டு. ஆள் ஏறி உட்கார்ந்தால் கார் தாழும், அதற்கு மூன்று. ரோட்டுக்கு இரண்டு. தெரியாததற்கு ஒன்று. இந்தச் சட்டத்தை யாரும் நிறைவேற்றவில்லை, எந்தப் புத்தகத்திலும் அச்சடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கடையில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

எட்டு மில்லி இருக்கிறதா என்று சோதிக்க அவரிடம் இரண்டு கருவிகள் இருந்தன. முதலாவது, ஓர் உருண்டைக் களிமண். குழந்தைகள் பொம்மை செய்கிற களிமண்தான். மட்கார்டின் உள் விளிம்பில் அதைத் தடிமனாக அப்பிவிட்டு, காரை ஒரு சுற்று ஓட்டி வந்து பார்த்தால், டயர் எங்கே தொட்டது, எவ்வளவு வழித்தது என்பதெல்லாம் களிமண்ணில் எழுதியிருக்கும். அந்த உருண்டை ஒரு காலத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று பெட்டிகளாக அவருடைய மகளின் பள்ளிக்கூடப் பையில் இருந்தது. ஒரு நாள் காணாமல் போயிற்று. மகள் இரண்டு நாள் அழுதாள். பக்கத்து வீட்டுப் பையன்தான் எடுத்திருப்பான் என்று வீட்டில் முடிவானது. உரசலாரும் அந்த விசாரணையில் கலந்துகொண்டு, பையனைப் பற்றி நாலு வார்த்தை வருத்தமாகப் பேசினார். இருபது வருடத்தில் மூன்று நிறமும் கலந்து, கிரீஸும் சேர்ந்து, இப்போது அது எந்த நிறத்திலும் சேராத ஒரு நிறம்.

இரண்டாவது கருவி, கடையின் கணக்கர். ஆள் தொண்ணூற்றைந்து கிலோ. எந்தக் காரைச் சோதித்தாலும் பின் இருக்கையில் கணக்கரையும், டயர் பேலன்ஸ் பார்க்கிறவரையும் ஏற்றி உட்கார வைத்துத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது கடையின் வழக்கம். கணக்கரை வேலைக்கு எடுத்ததே கூட்டல் கழித்தலுக்காக அல்ல என்று ஒரு பேச்சு உண்டு. அவரும் அதை மறுத்ததில்லை. "அண்ணே, ஏறணுமா?" என்று பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வந்து நிற்பார்.

இப்படி ஊராருக்கெல்லாம் ஒரே தீர்ப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு மாப்பிள்ளை வாய்த்தார். மாப்பிள்ளை பல் டாக்டர். தங்கமான மனிதர், மெதுவாகப் பேசுவார், யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டார். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். அவரிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது.

சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வந்த அன்றே உரசலாரைக் காணவில்லை. உள்ளே எல்லாரும் உட்கார்ந்து பெண்ணைப் பெற்றவர் எங்கே என்று கேட்க, மனைவி வாசலுக்கு வந்து தேடினார். மஞ்சள் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதைக்கூட அவர்கள் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்கள். போன வருடம் நடந்ததுதான் வினை. காரை இன்னும் தாழ்த்துவதற்கு மாப்பிள்ளை குட்டையான ஸ்பிரிங் வாங்கி வந்து காட்டினார். அவருடைய நண்பர்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உரசலார் ஸ்பிரிங்கைக் கையில்கூட வாங்காமல் தீர்ப்பைச் சொன்னார். நண்பர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான்கு மாதம் மகள் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன் செய்தால், "அவருக்கு லீவே கிடைக்கலம்மா" என்பாள். பல் டாக்டருக்கு லீவு கொடுப்பது யார் என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

அதனால்தான், மாப்பிள்ளை மறுபடியும், இந்தத் தடவை ஒரு செட் சக்கரத்தோடு வருகிறார் என்று தெரிந்ததும், வெள்ளிக்கிழமை காலையிலேயே உரசலாரின் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு மாப்பிள்ளை கடைக்கு வர்றாராம்."

"ம்."

"அவரு சிநேகிதரோட நீலக் காரு இருக்கே, அந்தச் சக்கரத்தை வாங்கிட்டாராம். நம்ம மஞ்சக் காருல மாட்டணுமாம். ஞாயித்துக்கிழமை அவங்க கார்க்காரங்க எல்லாம் கூடுறாங்களாம், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. நம்ம பொண்ணும் போறா. சனிக்கிழமை ராத்திரி நம்ம வீட்லதான் தங்கறாங்க."

"அந்த நீலக் காருக்குப் பின்பக்கம் அகலம். அந்தச் சக்கரம் இதுக்கு..."

"சொல்லாதீங்க."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல வாயைத் தெறந்தீங்க. உங்க வாய் எந்த வார்த்தைக்கு எப்படித் தெறக்கும்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா பாக்கறேன். இந்த ஒரு தடவை அந்த வார்த்தை வரக்கூடாது. ஊருக்கெல்லாம் சொல்லுங்க. மாப்பிள்ளைகிட்ட மட்டும் வேணாம்."

"நெஜமாவே உரசினா?"

"உரசட்டும். கொஞ்சம் ரப்பர் தேயும். நாலு மாசம் பொண்ணைப் பாக்காம இருந்தேனே, அப்ப எனக்கு என்ன தேஞ்சுதுன்னு நீங்க அளந்து பாத்தீங்களா?"

உரசலாருக்கு அசதியாக இருந்தது. முப்பத்தொரு வருடமாக வேண்டாம் என்று சொல்வதற்கே சம்பளம் வாங்கும் மனிதனுக்கு, வீட்டுக்கு வந்தும் அதே வேலை என்றால் எப்படித்தான் இருக்கும்? சரி என்று சொல்லி வாழ்கிறவர்கள் எல்லாம் எவ்வளவு தெம்பாக இருக்கிறார்கள் என்று அவருக்கு ஓர் ஆச்சரியம் தோன்றியது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மஞ்சள் கார் வந்தது. வெண்கல நிறத்தில் நான்கு சக்கரங்கள், தனித்தனியே போர்வை சுற்றி, முன் இருக்கையில் ஒன்று, பின்னால் இரண்டு, டிக்கியில் ஒன்று என்று குடும்பமாக வந்து இறங்கின. உரசலார் ஒன்றைத் தரையில் கவிழ்த்து, குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து அளந்தார். நடு ஓட்டை சரியாக இருந்தது. ஐந்து நட்டுகளும் ஒத்துப் போயின. இதெல்லாம் ஒத்துப் போகாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் மனசுக்குள் நினைத்தார். பழியை ஓட்டையின் மேல் போட்டுவிடலாம்.

பழைய சக்கரம் எட்டு இன்ச் அகலம், ஆஃப்செட் நாற்பத்தைந்து. புதியது ஒன்பதரை இன்ச், முப்பத்தைந்து. அகலம் கூடியதில் பாதி உள்ளே, பாதி வெளியே. ஆளுக்குப் பத்தொன்பது மில்லி. ஆஃப்செட் குறைந்ததில் இன்னும் பத்து மில்லி வெளிப்பக்கம். ஆக மொத்தம் டயர் இருபத்தொன்பது மில்லி வெளியே வரும். பின் மட்கார்டு விளிம்பு வரைக்கும் இருந்த இடம் முப்பத்து மூன்று. கடைசியில் மிஞ்சுவது நான்கு.

நான்கு. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு.

"என்ன மாமா, போகுமா?" மாப்பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பின்னாடி நாலு மில்லிதான் இருக்கு மாப்பிள்ளை."

"நாலு மில்லியா? அது நெறைய எடம் மாமா. அந்த எடத்துல நான் அரைப் பல்லு கட்டிடுவேன்."

பேலன்ஸ் பார்க்கிறவர் சிரித்தார். உரசலார் சிரிக்கவில்லை. அவர் தலைக்குள் சட்டசபை கூடியிருந்தது. எட்டு மில்லி என்பது என்ன? டயருக்கு இரண்டு, அது தள்ள முடியாதது. ரோட்டுக்கு இரண்டு, அதுவும் அப்படியே. ஆள் ஏறுவதற்கு மூன்று. இந்தக் காரின் பின் இருக்கையில் யார் ஏறப் போகிறார்கள்? அது இருக்கையே அல்ல, இருக்கை மாதிரி தைத்த ஒரு பள்ளம். ஆக மூன்றைக் கழிக்கலாம். தெரியாததற்கு ஒன்று. சொந்த மாப்பிள்ளையின் காரில் தெரியாதது என்ன இருந்துவிடப் போகிறது? அதையும் கழித்தால் நான்கு. நான்கு தேவை, நான்கு இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் திருத்தம் நிறைவேறிற்று.

சக்கரங்களை மாட்டி, களிமண்ணை அப்பி, காரை ஓட்டிப் பார்க்கத் தயாரானபோது, கணக்கர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணே, ஏறணுமா?"

மாப்பிள்ளைக்கு முகம் லேசாகச் சுருங்கியது. கணக்கரையும் பார்த்தார், பின் இருக்கையின் வெள்ளைத் தோலையும் பார்த்தார். "பின்சீட்டுல யாருமே உக்கார மாட்டாங்க மாமா. அது சும்மா பேருக்குத்தான் இருக்கு."

உரசலார் கணக்கரைப் பார்த்தார். "வேணாம். நீ போய் உன் வேலையைப் பாரு."

"என் வேலையா?" என்றார் கணக்கர், குழப்பத்தோடு. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை.

கடையின் பின்னால் இருந்த சமமான சிமெண்டு முற்றத்தில் காலிக் கார் இரண்டு சுற்று வந்தது. உரசலார் மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். களிமண்ணில் ஒரு கீறல் இல்லை. மூன்று தவணையாக நிமிர்ந்தார்.

"உரசாது."

நட்டு முடுக்கும் மெஷின் நின்றது. காற்றடிக்கிற இடத்தில் ஒருவர் குழாயைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளியம்மா எழுந்து வந்தார். "உரசல் என்ன சொன்னாரு?" என்று கணக்கரிடம் கேட்டார். கணக்கர் சொன்னதும், "ஒடம்பு சரியில்லையா அவருக்கு?" என்றார்.

மாப்பிள்ளை மட்டும் உரசலாரின் கிரீஸ் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். "தேங்க்ஸ் மாமா. நீங்க சொன்னா அது ரிப்போர்ட் மாதிரி." கழற்றிய பழைய சக்கரங்கள் கடையிலேயே ஒரு மூலையில் அடுக்கப்பட்டன. அப்பிய களிமண்ணை எடுக்க உரசலாருக்கு ஏனோ கை வரவில்லை. பின் மட்கார்டுகளில் அது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் வீடு வீடாக இருந்தது. மகள் வந்தாள். மாப்பிள்ளை இரண்டாம் தடவை காபி கேட்டு வாங்கிக் குடித்தார். மனைவி உரசலாரைக் கடந்து போகும்போதெல்லாம் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கை சோற்றை நாலு தடவை பிசைந்தார். களைப்பு என்றால் வேலை செய்து வருவது என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் சாமான் ஏற்றினார்கள். உரசலார் பல் குச்சியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கியில் கார் பாலிஷ் டப்பாக்கள், வாளி, துணிமூட்டை; அதற்குமேல் அங்கே இடமில்லை. ஆக, பேருக்கு இருந்த பின் இருக்கை வேலைக்கு வந்தது. முதலில் ஒரு பெட்டி போயிற்று. பிறகு இன்னொரு பெட்டி. பிறகு தண்ணீர் பாட்டில் கட்டு. பிறகு மனைவி உள்ளேயிருந்து எதையோ இடுப்பில் சுமந்துகொண்டு வந்தார். அவருடைய தையல் மெஷின். கெட்டி இரும்பு.

"அது எதுக்கு?" என்றார் உரசலார்.

"பொண்ணு கேட்டா. நான் புதுசு வாங்கிக்கறேன். நீங்க நகருங்க."

ஒவ்வொரு சாமானுக்கும் மஞ்சள் கார் பின்பக்கம் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. உரசலார் செருப்பைச் சரி செய்வது போலக் குனிந்தார். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே சுண்டுவிரலின் நுனி போகுமா என்று பார்த்தார். நகம் மட்டும் போயிற்று. நிமிர்ந்தபோது மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் நான்கு மாதமும் இருந்தது.

முன் இருக்கையில் மகள் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். முந்நூறு கிலோமீட்டர். மணிக்கு நூற்றிருபதில் போகிற ரோடு. அந்த வேகத்தில் தகட்டு விளிம்பு டயரைச் சீவ ஆரம்பித்தால் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அப்படி வெடித்த டயர்களை அவர் கையாலேயே கழற்றியிருக்கிறார். சொல்ல வாயைத் திறந்தார். முதல் எழுத்துவரை வந்தது.

"மாப்பிள்ளை, என்னைக் கடை வரைக்கும் எறக்கி விட்டுடறீங்களா?"

"இன்னிக்குக் கடை லீவாச்சே மாமா?"

"ஒரு சாமான் மறந்துட்டேன்."

"நீங்க எங்கப்பா உக்காருவீங்க?" என்றாள் மகள்.

"இந்தச் சந்துல உக்காந்துக்கறேன்."

சந்து என்பது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருந்த பிளவு. உரசலார் எண்பத்திரண்டு கிலோ. முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வர, தலையைக் கூரைக்கு ஏற்றபடி ஒரு பக்கம் சாய்த்து, தையல் மெஷினை மடியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளைத் தோல் முனகியது. வாயால் சொல்ல முடியாததை உடம்பால் சொல்லிப் பார்க்கலாம் என்று கிளம்பிய மனிதர்களில், இவ்வளவு அசௌகரியமாக உட்கார்ந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

வீட்டுக்கும் கடைக்கும் நடுவே வேகத்தடை மூன்று. பள்ளிக்கூடத்து வாசலில் ஒன்று, ஆஸ்பத்திரி முன்னால் ஒன்று, கடைத் தெரு திருப்பத்தில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் மாப்பிள்ளை மெதுவாகத்தான் ஏற்றினார். இறங்கும்போது பின்னாலிருந்து, துணி கிழிவது போல, ஸ்ஸர்ரக் என்று ஒரு சத்தம் வந்தது.

"ரோடு சரியில்ல," என்றார் மாப்பிள்ளை, கொஞ்ச தூரம் போன பிறகு.

"ஆமா, ரோடு மோசம்தான்," என்றார் உரசலார் பின்னாலிருந்து. சொல்லிவிட்டுத் தன்னையே வெறுத்தார். முப்பத்தொரு வருடமாக ரோட்டின் மேல் பழி போட்டவர்களை அவர் எப்படியெல்லாம் பார்த்திருக்கிறார்!

ஆஸ்பத்திரி வேகத்தடையில் ஸ்ஸர்ரக் இரண்டு தடவை வந்தது. கூடவே ரப்பர் தீய்ந்த வாடை லேசாக ஏறியது. மாப்பிள்ளை பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். மகள் கையை நீட்டி அதை அணைத்தாள். கண்ணாடியைக் கீழே இறக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் சின்ன வயதில் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதியவள்.

"உரசுதுங்க," என்றாள்.

"இல்லம்மா. உங்கப்பா நேத்தே பாத்துட்டாரு. உரசாதுன்னு சொன்னாரு."

"அப்பா சொன்னாரோ இல்லையோ, உரசுது. பின்பக்கம், எடது. வலதும் லேசா."

மாப்பிள்ளை காரை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். தையல் மெஷினுக்கு மேலே உரசலாரின் முகம் மட்டும் தெரிந்தது. இப்போது அவர் சொல்லிவிட்டுத் தப்பிக்கப் பல வார்த்தைகள் இருந்தன. சாமான் அதிகம் என்று சொல்லலாம். நீங்கள்தான் பின் சீட்டில் யாரும் ஏற மாட்டார்கள் என்றீர்கள் என்று சொல்லலாம். அது முழுக்க நியாயமாகவும் இருக்கும்.

"நான் சொன்னது தப்பு மாப்பிள்ளை," என்றார். "கடைக்கு மெதுவா உருட்டிக்கிட்டுப் போங்க. பழைய சக்கரத்தை மாட்டிடலாம்."

கடைச் சாவி அவரிடம் எப்போதும் உண்டு. ஷட்டரைப் பாதி தூக்கி, ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். இடது பின் சக்கரத்தைக் கழற்றியதும் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. டயரின் தோளில் விரல் அகலத்துக்கு ரப்பர் பளபளவென்று சீவப்பட்டிருந்தது. விளிம்பில் அப்பிய களிமண் வழிந்து, வால் போல நீண்டு, மட்கார்டுக்குள் இழுபட்டிருந்தது.

மகள் குனிந்து அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். உருட்டினாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு மெதுவாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது என்னோடதுதானே?"

"எது?"

"பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துட்டான்னு சொன்னீங்களே. அவன்கூட நான் ரெண்டு வருஷம் பேசல."

"அந்த நட்டை எடு," என்றார் உரசலார்.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கழற்றிய நட்டுகளை உள்ளங்கையில் வாங்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பிடுங்கிய பல்லைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்தார். இரண்டு சக்கரம் முடிந்தது. மூன்றாவதில்தான் கேட்டார்.

"எத்தனை மில்லி இருக்கணும் மாமா?"

"எட்டு."

"நேத்து நாலுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அப்ப நேத்தே தெரியுமா?"

உரசலார் ஸ்பேனரை நிறுத்தினார். இடுப்பு வலித்தது. "தெரியும்," என்றார்.

மாப்பிள்ளை அடுத்த நட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கோபப்படத் தெரியாத மனிதர்களின் கோபத்தைப் பார்ப்பது கஷ்டம். அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியாது.

"நான் ஒரு நாளைக்கு இருபது பேருக்கு 'வலிக்காது'ன்னு சொல்றேன் மாமா," என்றார் கடைசியில். "ஒருத்தரும் நம்பறதில்ல. எனக்கும் அது தெரியும். ஆனா நீங்க சொன்னதை நான் நம்பிட்டேன். போன வருஷம் என் சிநேகிதங்க முன்னாடி நீங்க ஆகாதுன்னு சொன்னப்ப எனக்குக் கோவம்தான். ஆனா அந்த ஸ்பிரிங்கை நான் மாட்டவே இல்ல. ஏன்னு நெனைக்கறீங்க?"

உரசலாருக்கு அது தெரியாது. அந்த ஸ்பிரிங் என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதே இல்லை.

"நட்டைக் குடுங்க," என்றார். "சாயந்தரத்துக்குள்ள போய்ச் சேரணும்."

நாலாவது சக்கரமும் முடிந்தது. பழைய சக்கரங்களில் மஞ்சள் கார் கொஞ்சம் ஏழையாகத்தான் தெரிந்தது. உரசலார் தானாகவே பின் இருக்கையில் ஏறி, தையல் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு சுத்து ஓட்டுங்க" என்றார். மாப்பிள்ளை முற்றத்தைச் சுற்றி, கடைத் தெரு திருப்பத்து வேகத்தடை வரை போய் ஏற்றி இறக்கித் திரும்பினார். இறங்கியதும் உரசலார் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். தீர்ப்பை எதிர்பார்த்து இரண்டு பேரும் நின்றார்கள்.

"போயிட்டு வாங்க," என்றார்.

மகள் ஏறும்போது களிமண் உருண்டையை அவர் கையில் வைத்து அழுத்தினாள். "வெச்சுக்கோங்க. அந்தப் பையன் பாவம்," என்றாள். மாப்பிள்ளை தலையை மட்டும் அசைத்தார். அந்த அசைப்புக்கு என்ன அர்த்தம் என்று உரசலாரால் அளக்க முடியவில்லை. கார் தெருவில் இறங்கிப் போயிற்று. அவர் ஷட்டர் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தார். திருப்பத்து வேகத்தடையில் கார் ஏறியது, இறங்கியது. அதற்கப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

உள்ளே போய் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். போன் அடித்தது. மனைவி.

"கெளம்பிட்டாங்களா?"

"கெளம்பிட்டாங்க."

"இவ்வளவு நேரமா? நீங்க ஏதோ சொல்லிட்டீங்க."

"நான் சொல்லல. உன் பொண்ணு சொன்னா."

"அவரு முகம் எப்படி இருந்துச்சு?"

"தெரியல."

"மறுபடி நாலு மாசமா?"

தெரியாததற்கு ஒன்று என்று சட்டத்தில் எழுதி வைத்த மனிதர், அதை நேற்றுத்தான் கழித்துவிட்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே சுவரோரமாக அந்த நான்கு வெண்கலச் சக்கரங்களும், ஒன்றில் டயர் சீவப்பட்டு, போர்வையில்லாமல் நின்றன. ஆசைப்பட்டு வாங்கிய சக்கரத்தை மறந்து போகிறவர்களை அவர் இந்த முப்பத்தொரு வருடத்தில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

"சக்கரம் நாலும் இங்கதான் இருக்கு," என்றார். "எடுக்க வந்துதானே ஆகணும்."

"எப்ப?"

"வரட்டும். தூசி படாம மூடி வெக்கறேன்."

போனை வைத்துவிட்டு, போர்வைகளைத் தேடி எடுத்து, மூன்று தவணையாக எழுந்தார்.